பல்கலைக்கழக விளையாட்டு அரங்கை மரத்தில் கட்டப் போகிறீர்களா? ஈரத்திலிருந்து தொடங்குங்கள்

சிங்கப்பூரில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் 'தி வேவ்' என்ற விளையாட்டு அரங்கு இருக்கிறது. 2017ல் திறந்தார்கள். 72 மீட்டர் அகலத்துக்கு நடுவில் ஒரு தூண்கூட இல்லை, மர வளைவுகளே கூரையைத் தூக்கிப் பிடித்திருக்கின்றன. அதன் கீழே 13 பேட்மின்டன் கோர்ட் போடலாம், இல்லையென்றால் மூன்று கூடைப்பந்து கோர்ட், ஆயிரம் பேர் உட்கார்ந்து பார்க்கலாம். தென்கிழக்காசியாவில் மாஸ் டிம்பரில் (பலகைகளை ஒட்டித் தொழிற்சாலையில் செய்த பெரிய மரப் பாகங்களில்) பெரிய அளவில் எழுந்த முதல் கட்டடம் அதுதான். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் டோயோ இட்டோவின் வடிவமைப்பு.

அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது, மரம் இவ்வளவு அகலத்தைத் தாங்குமா என்று. அடுத்தது, தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று. இரண்டுக்கும் தெளிவான கணக்கு இருக்கிறது, கீழே சொல்கிறேன். ஈரத்தைப் பற்றிய பேச்சு மட்டும் எப்போதும் தாமதமாகத்தான் வருகிறது. அதற்குள் கூரையின் வடிவம் முடிவாகி, படம் வரைந்து, துணைவேந்தருக்குக் காட்டிக் கைதட்டலும் வாங்கியிருப்பார்கள். அப்புறம் இறவாரம் போதவில்லை, வளைவின் அடி மழையில் நனைகிறது என்று தெரியவரும்போது எதையும் மாற்ற முடியாது.

இந்தக் குறிப்புகள் பல்கலைக்கழகத்தின் எஸ்டேட் பிரிவிலோ ஆலோசனை நிறுவனத்திலோ கான்ட்ராக்டர் பக்கத்திலோ இருந்துகொண்டு "நம் வளாகத்திலும் ஒன்று கட்டினால் என்ன" என்று யோசிப்பவர்களுக்கு. வெயிலும் மழையும் ஈரக்காற்றும் உள்ள ஊர் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். ஐரோப்பாவிலும் கனடாவிலும் எழுதிய வழிகாட்டிகள் ஏராளமாகக் கிடைக்கின்றன, ஆனால் அவை பனியைப் பற்றிப் பேசும் அளவுக்குக் கரையானைப் பற்றிப் பேசுவதில்லை.

எதை மரத்தில், எதை கான்கிரீட்டில்

கட்டடம் முழுவதையும் மரத்தில் கட்டியே தீர வேண்டும் என்று யாரும் விதி போடவில்லை. விளையாட்டு வளாகம் என்றால் உள்ளே பெரிய அரங்கு, ஜிம், ஏரோபிக்ஸ் அல்லது நடன அறை, உடைமாற்றும் அறை, குளியலறை, சில இடங்களில் நீச்சல்குளம் என்று ஏழெட்டு விதமான இடங்கள் இருக்கும். மரம் ஜெயிக்கும் இடம் பெரிய அரங்கின் கூரை. ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் எடை கன மீட்டருக்கு 450 கிலோ சுமார், கான்கிரீட் 2,400 கிலோ. கூரை தன் எடையையே சுமப்பதில் வீணடிக்கும் பலம் குறைகிறது, அஸ்திவாரமும் சிறிதாகிறது.

தரைத்தளத்தையும் ஈரமான அறைகளையும் கான்கிரீட்டுக்கே விட்டுவிடுங்கள். குளியலறைத் தளத்துக்கு அடியில் மரப்பலகை போட்டுவிட்டு, மேலே வாட்டர்ப்ரூஃபிங் இருபது வருடம் தாங்கும் என்று நம்பி உட்கார்ந்திருப்பதில் எந்த லாபமும் இல்லை.

ஜிம்மை மாடியில் வைக்கலாமா என்பது வேறு விஷயம். மரத்தளம் இலகுவானது என்பதே இங்கே பாதகம். முப்பது பேர் ஒரே பாட்டுக்கு ஒரே தாளத்தில் குதிக்கும்போது தளத்தின் மேல் விநாடிக்கு இரண்டு மூன்று உதை விழுகிறது, அதன் இரட்டிப்பும் மும்மடங்கும் சேர்ந்தே வருகின்றன. தளத்தின் இயல்பான அதிர்வெண் அதில் எதோடாவது பொருந்திவிட்டால் பக்கத்து அறையில் யோகா செய்கிறவர்களுக்குத் தரை ஆடும். உடைந்து விழாது, ஆனால் புகார் வரும், வந்துகொண்டே இருக்கும். எடை தூக்குபவர்கள் பாரத்தைத் தலைக்கு மேலிருந்து கீழே போடும் இடத்தைச் சந்தேகமே இல்லாமல் தரைத்தளத்தில் வையுங்கள். ஏரோபிக்ஸ் அறை மாடியில்தான் வரவேண்டும் என்றால் ஸ்பானை, அதாவது தாங்கிகளுக்கு இடையிலான தூரத்தைக் குறைத்து, மரத்துக்கு மேல் கான்கிரீட் அடுக்கு சேர்த்து, அதிர்வுக் கணக்கைத் தனியாகப் போடச் சொல்லுங்கள். பலக் கணக்கு சரியாக வந்துவிட்டதாலேயே அதிர்வுக் கணக்கும் சரியாக வந்துவிடாது.

பொருளும் பெட்டியின் அளவும்

இரண்டு பெயர்களைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கிளூலாம் என்பது பலகைகளை ஒரே திசையில் அடுக்கி ஒட்டியது; உத்தரம், தூண், வளைவு எல்லாம் இதில்தான். சிஎல்டி என்பது ஒரு அடுக்கை நீளவாக்கிலும் அடுத்ததைக் குறுக்குவாக்கிலுமாக மூன்று, ஐந்து, ஏழு அடுக்குகள் வைத்து ஒட்டிய பெரிய தகடு. தளத்துக்கும் சுவருக்கும் கூரைத் தகட்டுக்கும் பயன்படும்.

சொந்தக் காடு இருக்கும் பல்கலைக்கழகம் கொடுத்துவைத்தது. அமெரிக்காவின் ஐடஹோ பல்கலைக்கழகம் 2021ல் திறந்த கூடைப்பந்து அரங்குக்குத் தன் சோதனைக் காட்டிலிருந்தே மரம் எடுத்தது. நமக்குக் கப்பலில்தான் வர வேண்டும். கப்பல் என்றவுடனே கன்டெய்னரின் அளவு உங்கள் வடிவமைப்புக்குள் நுழைந்துவிடுகிறது: 40 அடிப் பெட்டியின் உள் நீளம் 12 மீட்டர், கதவின் அகலம் 2.3 மீட்டர் சுமார். 16 மீட்டர் நீளத்துக்கும் 3 மீட்டர் அகலத்துக்கும் சிஎல்டி செய்து தரும் தொழிற்சாலைகள் இருக்கின்றன, ஆனால் அது பெட்டிக்குள் போகாது. நீளமான வளைவையும் துண்டுகளாகக் கொண்டுவந்து சைட்டில் இணைக்க வேண்டும். அந்த இணைப்பு வளைவின் எந்த இடத்தில் வந்தால் விசை குறைவாக இருக்கும் என்பதை வடிவமைப்பு தொடங்கும்போதே முடிவு செய்யுங்கள். பெட்டியை மறந்துவிட்டு 14 மீட்டர் உத்தரம் வரைந்துவிட்டு, பிறகு கூரையும் பக்கச்சுவரும் இல்லாத பிளாட் ரேக்கில் ஏற்றிக் கடல்காற்றில் நனைத்துக் கொண்டுவருவது எல்லா விதத்திலும் நஷ்டம்.

இன்னொன்று, மரம் சைட்டில் வெட்டும் பொருள் இல்லை. ஏசி குழாய்க்கான துளை, ஸ்பிரிங்க்ளர் பைப், மின்கம்பி போகும் வழி எல்லாமே தொழிற்சாலையில் இயந்திரம் வெட்டிவிடும். அதனால் எம்இபி (ஏசி, மின்சாரம், குழாய் வேலை) ஆட்களை முதல் மாதத்திலேயே மேசையில் உட்கார வையுங்கள். கான்கிரீட் வேலையில் பழகியவர்களுக்கு "அப்புறம் பார்த்துத் துளை போட்டுக்கலாம்" என்ற பழக்கம் ஊறிப்போயிருக்கும். 72 மீட்டர் வளைவில் தப்பான இடத்தில் போட்ட ஒரு துளைக்கு என்ன விலை என்று அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஒட்டும் தரத்தையும் கவனியுங்கள். 2018 மார்ச்சில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வனவியல் கல்லூரிக்கான கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தபோது, சிஎல்டி தளம் ஒன்றில் பசை விட்டு ஒரு பகுதி கீழே விழுந்தது. ஒட்டுவதற்கு முன்பே பசை இறுகத் தொடங்கிவிட்டது காரணம். யாருக்கும் காயமில்லை, ஆனால் பல தகடுகளை மாற்ற வேண்டியதாயிற்று. எனவே டெண்டரில் சான்றிதழின் நகலைக் கேட்பதோடு நிற்காதீர்கள். உங்கள் ஆர்டர் ஓடும் நாட்களின் பசைச் சோதனை முடிவுகள், தொகுதி எண்ணோடு வேண்டும் என்று எழுதுங்கள். முடிந்தால் ஒருவரைத் தொழிற்சாலைக்கே அனுப்புங்கள்.

ஈரம்

இங்கேதான் நிதானமாக நிற்கப் போகிறேன்.

சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல், விடியற்காலையில் 90ஐத் தாண்டும். கிளூலாம் தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும்போது மரத்துக்குள் 12 சதவீத அளவில் ஈரம் இருக்கும். திறந்த அரங்கில், நிழலில், மழை படாமல் இருந்தாலே அது மெல்ல மெல்ல 16 வரை ஏறும். ஏசி ஓடும் அறையில் 11க்கு இறங்கும். இந்த நாலைந்து சதவீதம் என்ன செய்யும் என்று ஒரு உத்தரத்தை வைத்துப் பாருங்கள். ஸ்ப்ரூஸ் நார்களுக்குக் குறுக்கே ஒவ்வொரு சதவீத ஈரத்துக்கும் 0.25 சதவீதம் சுமார் விரிகிறது. 1,200 மில்லிமீட்டர் ஆழமான உத்தரம், நாலு சதவீத மாற்றம்: 12 மில்லிமீட்டர். அந்த உத்தரத்தின் முனையில் மேலிருந்து கீழ்வரை ஒரே இரும்புத் தகட்டை வைத்து வரிசையாகப் போல்ட் போட்டு இறுக்கியிருந்தால் இரும்பு நகராது, மரம் நகர முயலும், போல்ட் வரிசையை ஒட்டியே பிளவு ஓடும். அதனால் ஆழமான உத்தரத்தில் போல்ட் கூட்டத்தை ஒரு பக்கமாகக் குவித்து, மீதிக்கு நீள்துளை விட்டு மரம் மூச்சு விட இடம் கொடுக்க வேண்டும். வரைபடத்தில் சின்ன விஷயம்தான், நீங்களே தேடிப் பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள்.

நாலைந்து சதவீத அசைவைச் சமாளிக்கலாம். தண்ணீர் தேங்கி 20 சதவீதத்தைத் தாண்டினால் மரத்தை அரிக்கும் காளானுக்கு வழி திறந்துவிடுகிறது. மேற்பரப்புப் பூஞ்சைக்கு அதுகூட வேண்டாம், காற்றில் ஈரம் 80க்கு மேல் நாள்கணக்கில் நின்று, காற்றோட்டமும் இல்லையென்றால் போதும். அதே நன்யாங் பல்கலைக்கழகத்தில் 2023ல் திறந்த 'கையா' என்ற பெரிய மரக் கட்டடத்தில், திறந்து சில ஆண்டுகளுக்குள் மரப்பரப்பில் பூஞ்சை தெரிந்தது செய்திகளில் வந்தது. பூஞ்சை வேறு, காளான் அரிப்பு வேறு. பூஞ்சை பலத்தைத் தின்னாது. ஆனால் மாணவர்கள் மூச்சு வாங்க ஓடியாடும் அரங்கில் சுவர் முழுக்கக் கரும்புள்ளி இருந்தால் அந்த வேறுபாட்டை யாருக்கும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

விளையாட்டு அரங்கின் மரக் கூரை என்று வரும்போது ஜெர்மனியின் பாட் ரைகன்ஹாலைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2006 ஜனவரி 2 அன்று அங்கே பனிச்சறுக்கு அரங்கின் மரக்கூரை பனிச்சுமையில் இடிந்து 15 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் சிறுவர்கள். விசாரணையில் வெளிவந்தது ஒரு காரணம் இல்லை, சங்கிலி. 1970களின் தொடக்கத்தில் கட்டியபோது ஈரத்தைத் தாங்காத யூரியா பசையைப் பயன்படுத்தியிருந்தார்கள். பனித்தளத்துக்கு மேலே காற்று குளிர்ந்து உத்தரங்களில் நீர் படிந்தபடி இருந்தது. வடிவமைப்புக் கணக்கிலும் ஓட்டை. பராமரிப்பும் சரியில்லை. வெளியிலிருந்து பார்த்தால் உத்தரம் நன்றாகத்தான் தெரிந்திருக்கும். இன்று அந்தப் பசையைக் கட்டமைப்பில் யாரும் போடுவதில்லை, ஆனால் மற்ற கண்ணிகள் எல்லாமே இன்றும் நம்மால் கோக்கக்கூடியவை.

சரி, என்ன செய்வது? முதலில் கூரை. பெரிய இறவாரம் வையுங்கள், சுவரில் மழை சாய்ந்து அடிக்காத அளவுக்கு. மழைநீர்த் தாரையைக் கட்டடத்துக்கு வெளியே வையுங்கள், அரங்கின் நடுவில் மரத்துக்கு மேலே பள்ளத் தாரை எதற்காகவும் வேண்டாம். இலை அடைத்து ஒரு மழைக்கு நிரம்பினால் தண்ணீர் போகும் ஒரே இடம் உங்கள் உத்தரம். அலை அலையான கூரை அழகுதான், ஆனால் ஒவ்வொரு அலையின் பள்ளத்திலும் தண்ணீர் எங்கே போகிறது என்று ஆர்க்கிடெக்ட் விரலால் தொட்டுக் காட்ட வேண்டும்.

அடுத்தது வளைவின் அடி. மர வளைவு தரையைத் தொடவே கூடாது. குறைந்தது முழங்கால் உயரத்துக்குக் கான்கிரீட் பீடம், அதன் மேல் இரும்புக் காலணி, அதன் மேல் மரம். அந்தக் காலணி கிண்ணம் மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளாமல் கீழே திறந்திருக்க வேண்டும். இந்த இடைவெளியே கரையானுக்கும் பதில். மண்ணிலிருந்து கரையான் மண்பாதை கட்டி ஏறும்போது அந்த வெற்றுக் கான்கிரீட்டில் கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிட்டு மருந்து வைக்கலாம். அதனால் பீடத்தை அழகுக்காகப் பலகை வைத்து மூடாதீர்கள், செடி வைத்தும் மறைக்காதீர்கள். தரைத் தளத்தில் குழாய்கள் துளைத்து வரும் இடங்களில் துருப்பிடிக்காத எஃகு வலை போடுங்கள்.

பிறகு ஏசி. பகலில் 24 டிகிரிக்குக் குளிர்வித்துவிட்டு, மின்சாரத்தை மிச்சம் பிடிக்க ராத்திரி நிறுத்திவிட்டுக் கதவையும் திறந்து வைத்தால், வெளி ஈரக்காற்று உள்ளே வந்து குளிர்ந்திருக்கும் இரும்பு இணைப்புகளில் வியர்க்கும். ஒன்று முழுக்கத் திறந்த அரங்காக வடிவமையுங்கள், அல்லது மூடிய அரங்காக வைத்து இரவிலும் ஈரத்தைக் கட்டுப்படுத்துங்கள். நடுவில் நிற்பதுதான் ஆபத்து. தி வேவில் விசிறி வைத்து ஊதாமல், குளிர்நீர் ஓடும் உலோகச் சுருள்களைச் சுற்றிக் காற்று தானாகவே குளிர்ந்து இறங்கும்படி செய்திருக்கிறார்கள். பேட்மின்டனுக்கு இது மிகவும் பொருத்தம், இறகுப்பந்து சின்னக் காற்றுக்கே திசை மாறும்.

கட்டும் காலம் இன்னும் மோசம். டிசம்பர், ஜனவரி வடகிழக்குப் பருவமழையில் மரம் ஏற்றும்படி அட்டவணை போடாதீர்கள். வேறு மாதத்திலும் மதியத்தில் இடிமழை வரும், அதனால் தார்ப்பாயை நம்புவதைவிடத் தற்காலிகக் கூரை அல்லது தொழிற்சாலையிலேயே ஒட்டிய நீர்த்தடுப்புத் தாள் நல்லது. மரம் வெட்டப்பட்ட முனைதான் தண்ணீரைக் குடிக்கும், முனைகளுக்கெல்லாம் சீலர் பூசியிருக்கிறதா என்று இறக்கும்போதே பாருங்கள். பிளாஸ்டிக் உறையோடு வந்த உத்தரத்தை உறையோடே வாரக்கணக்கில் வெயிலில் போட்டு வைத்தால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். அடியில் கிழித்துவிடுங்கள். பக்கத்தில் கிரைண்டர் வேலை நடந்தால் மூடுங்கள், ஈர மரத்தில் விழும் இரும்புப் பொறி துருப்பிடித்துக் கறுப்புப் புள்ளியாக நின்றுவிடும். ஊசி போட்டு ஈரம் அளக்கும் மீட்டர் ஒன்று சைட் அலுவலகத்தில் இருக்கட்டும். தினமும் ஒரே இடங்களில் அளந்து எழுதி வையுங்கள், 18க்கு மேல் காட்டினால் அந்த இடத்தை மூடும் வேலையை நிறுத்துங்கள்.

தீ

தடித்த மரம் எரியும்போது வெளியில் கரி அடுக்கு உண்டாகி உள்ளே இருப்பதைக் காக்கிறது. ஐரோப்பிய விதிப்படி கிளூலாமுக்கு நிமிடத்துக்கு 0.7 மில்லிமீட்டர் கரியாகும் என்று கணக்கு. ஒரு மணி நேரத்துக்கு 42, வெப்பத்தில் பலவீனமான அடுக்குக்கு 7 சேர்த்தால் 49. 240 மில்லிமீட்டர் அகல உத்தரம் இரண்டு பக்கமும் எரிந்தாலும் 142 மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும், அது கூரையைத் தாங்கினால் போதும். உண்மையில் பலவீனமான இடம் இரும்பு இணைப்பு, சூடானால் இரும்பு தளர்ந்துவிடும். எனவே தகடுகளை மரத்துக்குள் பொதிந்து, போல்ட் தலைகளை உள்ளே இறக்கி மரக்கட்டையால் அடைக்கச் சொல்லுங்கள். சிஎல்டிக்கு வெப்பத்திலும் விடாத பசை வேண்டும், இல்லையென்றால் கருகிய அடுக்கு உரிந்து விழுந்து புது மரம் எரியத் தொடங்கும். தீயணைப்புத் துறையிடம் வடிவம் முடிவாவதற்கு முன்பே போய்ப் பேசுங்கள்.

விளையாடுகிறவரின் கண்ணும் காதும்

மரக்கூரையைத் திறந்து காட்ட வேண்டும் என்பதற்காகவே பாதிப்பேர் மரத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பேட்மின்டன் ஆடுகிறவர் மேலே பார்த்துதான் ஆடுவார். வெளிர்நிற மரத்தின் பின்னணியில் வெள்ளை இறகுப்பந்து கண்ணுக்குப் பிடிபடாது, கூரைச் சாளரத்திலிருந்து வெயில் நேராக விழுந்தால் இன்னும் மோசம். கோர்ட்டுக்கு நேர் மேலே சாளரம் வைக்காதீர்கள், விளக்குகளைக் கோர்ட்டுகளுக்கு இடையிலும் பக்கவாட்டிலும் வையுங்கள், வண்ணம் முடிவாகும் முன் ஆட்டக்காரர்களை அழைத்து ஒரு மாதிரிப் பலகைக்குக் கீழே ஆட விட்டுப் பாருங்கள்.

மரம் என்பதால் எதிரொலி இருக்காது என்று நினைப்பவர்கள் உண்டு. வழவழப்பான சிஎல்டி ஒலியை நன்றாகவே திருப்பி அனுப்பும். உத்தரங்களுக்கு இடையில் துளையிட்ட பலகையும் பின்னால் ஒலி உறிஞ்சும் பஞ்சும் வையுங்கள்.

நீச்சல்குளம் சேர்த்தால்

குளத்துக் காற்றை மரம் நன்றாகவே தாங்கும், திணறுவது இரும்பு. 1985ல் சுவிட்சர்லாந்தின் ஊஸ்டரில் நீச்சல்குளத்துக்கு மேலே தொங்கவிட்டிருந்த கான்கிரீட் உள்கூரை விழுந்து 12 பேர் இறந்தார்கள். அதைப் பிடித்திருந்த கம்பிகள் துருப்பிடிக்காத எஃகுதான், ஆனால் குளோரின் கலந்த ஈரக்காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளுக்குள் விரிசல் விட்டுவிட்டன. குளத்துக்கு மேலே வரும் ஒவ்வொரு ஸ்க்ரூவும் கம்பியும் எந்த வகை எஃகு என்பதை டெண்டரில் எழுத்தில் கேளுங்கள். வெறும் 'ஸ்டெயின்லெஸ்' என்ற சொல் போதாது.

ஒப்பந்தமும் ஒப்படைப்பும்

கன மீட்டர் விலையை மட்டும் ஒப்பிட்டால் மரம் தோற்கும். அஸ்திவாரம், கிரேன் நாட்கள், சாரம், சைட்டில் எத்தனை ஆட்கள், பரீட்சை நேரத்தில் வளாகத்துக்குள் எத்தனை லாரி ஓடும் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். மரம் தருபவரை முக்கிய கான்ட்ராக்டருக்குப் பிறகு தேடாமல், வடிவமைப்புக் காலத்திலேயே ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்துவிடுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு தொழிற்சாலையின் தகட்டு அளவும் வேறு. கரிமக் கணக்கு கேட்பவர்களுக்கு: ஒரு கன மீட்டர் ஸ்ப்ரூஸ் 0.8 டன் அளவுக்குக் கரியமில வாயுவைத் தனக்குள் வைத்திருக்கிறது, ஆனால் காடு மீண்டும் நடப்படுகிறது என்பதற்கு எஃப்எஸ்சி அல்லது பிஇஎஃப்சி என்ற காட்டு மேலாண்மைச் சான்று இல்லாமல் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

ஒப்படைக்கும் நாளில் சாவியோடு சேர்த்துச் சிலவற்றைக் கேட்டு வாங்குங்கள். கூரைக்குக் கீழே ஆள் போய்ப் பார்க்க நடைபாதையோ, பூம் லிப்ட் நிற்கும் அளவுக்கு வலுவான கோர்ட் தரையோ வேண்டும். மரத்தளக் கோர்ட் அந்தச் சக்கரச் சுமையைத் தாங்காது என்பதைக் கட்டிய பிறகு கண்டுபிடிப்பவர்கள் இருக்கிறார்கள். வளைவின் அடிகளிலும் தாரைக்குப் பக்கத்திலும் ஈர சென்சார்கள், அவற்றின் தொடக்க அளவுகளோடு. எந்த இணைப்பை எந்த மாதத்தில் யார் பார்ப்பது என்ற அட்டவணை, பராமரிப்புக் குழுவில் ஒருவரின் பதவியைக் குறிப்பிட்டு. முதல் ஆய்வை முதல் பருவமழை முடிந்த கையோடு வையுங்கள், தாரையைச் சுத்தம் செய்கிற ஆளையும் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள். தண்ணீர் எங்கே நின்றிருந்தது என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும்.